காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

உள்ளறையில் தொலைக்காட்சி அலறியது. மலாய்ச் செய்தி. ‘பிப்பிட் ஏர்’ என்ற பெயர் இரண்டு தரம் கேட்டது. அடுப்படியில் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அமுதவள்ளியின் கை நிற்கவில்லை.

“அமுதா! ஓய் அமுதா! ஓடி வா. நம்ம குருவி மறுபடியும் பறக்கப் போவுதாம்!”

பக்கிரிசாமி கத்தினால் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும். அவருக்கு மட்டும் எதுவும் கேட்காது. பதினெட்டு வருடம் விமான இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்ற மனிதர். காதை மூடிக்கொள்ளக் கொடுத்த கவசத்தைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தார். இன்றைக்கு மனைவி கூப்பிட்டால் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

“புது முதலாளியாம். மொதல்ல ரெண்டே ரெண்டு ப்ளேன். பழைய ஸ்டாஃப எல்லாம் கூப்பிடறாங்களாம். உனக்குத்தான் மொத போன் வரும் பாரு, சூப்பர்வைசரம்மா!”

“வரட்டும்,” என்றாள் அமுதவள்ளி, காயைப் பார்த்தபடி.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி அது. பத்தொன்பது வருடம் சோறு போட்ட கம்பெனி. ஆனால் அவள் மனசு மரத்துப் போய் ஏழு வருடம் ஆகிறது. நல்ல சேதியும் கெட்ட சேதியும் அதில் ஒரே மாதிரிதான் விழும்.

அப்போது வாசல் மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு யார் வரப்போகிறார்கள்? கையைத் துடைத்துக்கொண்டு போய் மரக்கதவைத் திறந்தாள். இரும்புக் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தான். பாதித் தலை நரைத்திருந்தது. அவள் தம்பி ஜெயராஜ்.

ஏழு வருடமாக இந்த வாசல்படி மிதிக்காதவன்.

“உள்ள வரலாமாக்கா?”

அவள் சாவியைத் தேடினாள். எப்போதும் போல ஆணியில்தான் தொங்கியது. அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ரமணி வரலியா?”

“கீழ கார்ல இருக்கா. கால் வலியாம்.”

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். அக்காளும் தம்பியும் முதலில் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தம்பி மனைவி ரமணி கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல பெண்.

ஜெயராஜ் நாற்காலியில் உட்காரவில்லை. தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் நின்றான். சிவப்புத் துணி மூடியிருந்தது. ஓரத்தில் வெற்றிலை நுனி தெரிந்தது. அமுதவள்ளிக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. இந்த வீட்டுக்கு வரவே வராது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த பத்திரிகை அது.

“மாதவிக்கா?” என்றாள்.

“மாதவிக்குத்தான்.”

“மைலோ கலக்கறேன், உக்காரு,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் இந்தப் பெண்ணின் கதையைச் சொல்லிவிடலாம்.

அமுதவள்ளி பிறந்தது கிள்ளானுக்கு வடக்கே மேருவில். அப்பா தவறியபோது அவளுக்குப் பதினாறு, ஜெயராஜுக்குப் பதின்மூன்று. அம்மா புஷ்பவல்லி கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நின்று இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். பள்ளி முடிந்ததும் அமுதாவும் அதே தொழிற்சாலைக்குப் போனாள். பன்னிரண்டு வருடம் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கினாள். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தம்பி சம்பாதிக்கட்டும், தம்பிக்கு ஆகட்டும் என்றே வருடங்கள் ஓடிவிட்டன. தம்பிக்கு ஆயிற்று. மாதவியும் பிறந்தாள். மாதவியின் காதுக்குத்துக்கு மடியில் வைத்துக்கொண்டது தாய்மாமன் என்றாலும், இரவெல்லாம் தூங்காமல் அந்தக் காதுக்கு எண்ணெய் போட்டது அத்தைதான்.

அந்த வருடம்தான் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. பஸ் டிக்கெட் விலையில் விமானம். புதிய கம்பெனி, பெயர் பிப்பிட் ஏர். மலாயில் பிப்பிட் என்றால் சிட்டுக்குருவி. மூன்று மொழி பேசத் தெரிந்தால் போதும், வயது தடையில்லை.

நேர்முகத் தேர்வு பூச்சோங்கில், டயர் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. கம்பெனிக்கு அப்போது இரண்டு பழைய விமானங்கள். அவையும் குத்தகைக்கு எடுத்தவை. மேனேஜர் கேட்டார்: “கவுண்டருக்கு முன்னால ஒரு பயணி அழுதா என்ன செய்வீங்க?”

“தண்ணி குடுப்பேன் சார்.”

“நம்ம ஏர்லைன்ஸ்ல தண்ணி இலவசம் கிடையாதே!”

“அப்ப என் போத்தல்லேருந்து குடுப்பேன்.”

மேனேஜர் சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்.

அந்த வேலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மலிவு விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். வந்து இறங்கிய விமானம் இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடியும் ஏற வேண்டும். அதற்குள் நூற்றெண்பது பேர் இறங்கி, வேறு நூற்றெண்பது பேர் ஏறி, பெட்டிகள் மாறி, எண்ணெய் நிரம்ப வேண்டும். பணிப்பெண்களே குனிந்து குப்பை பொறுக்குவார்கள். வாசலோடு ஒட்டும் பாலம் கிடையாது. வெயிலானாலும் மழையானாலும் தரையில் நடந்துபோய்ப் படி ஏற வேண்டும். மழை வந்தால் சிவப்புக் குடை.

பினாங்குக்குப் போன முதல் விமானங்களில் ஒன்றில் ஒரு வேடிக்கை நடந்தது. வாழ்நாளில் விமானம் ஏறாத ஒரு கோயில் கூட்டம் வந்திருந்தது. புறப்பட்ட பிறகு அமுதாவின் வாக்கி-டாக்கி கரகரத்தது.

“கவுண்டர், கவுண்டர். இங்க படிக்கட்டுக்குக் கீழ பதினோரு ஜோடி செருப்பு நிக்குது. ஆளுங்க பறந்துட்டாங்க. என்ன பண்ண?”

“படிக்கட்ட ஏன் கோயிலாட்டம் வெச்சிருக்கீங்க?”

“நான் என்ன பண்றது மேடம், நீங்க அனுப்பின ஆளுங்கதானே?”

அந்தக் குரல்தான் பக்கிரிசாமி. செருப்புகளை அடுத்த விமானத்தில் பினாங்குக்கு அனுப்பிவைத்த கதையை இருவரும் கல்யாணத்துக்குப் பிறகும் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. பள்ளி விடுமுறை விட்டால் மாதவி இங்கேதான். அத்தை அவளை வேலையிடத்துக்குக் கூட்டிப்போய், பெட்டி எடை போடும் தராசில் நிறுத்தி, “இருபத்தொரு கிலோ. ஒரு கிலோ கூட இருக்கு. முத்தம் கட்டிட்டுப் போ,” என்பாள்.

கம்பெனி வளர்ந்தது. மேடான், ஹாட்ஞாய், சென்னை, திருச்சி. இரண்டு விமானம் இருபத்து மூன்றானது. அமுதவள்ளிக்கும் ஒரு பட்டப்பெயர் வந்தது, ‘ஜாம் அக்கா’. மலாயில் ஜாம் என்றால் கடிகாரம். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுண்டரை மூட வேண்டும் என்பது விதி. மூடினால் மூடியதுதான். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தவர் காலில் விழுந்திருக்கிறார். ஒருவர் இழவு வீட்டுக்குப் போக வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் தன் போத்தலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். கவுண்டரைத் திறக்கவில்லை. ஏன் தாமதம் என்று யாரையும் கேட்டதும் கிடையாது. கேட்டால் மனசு இளகும். ஒருவருக்கு இளகினால் விமானம் முழுக்கக் காத்திருக்கும்.

பதினேழு வருடம் அப்படியே ஓடியது. பிறகு அந்த நாள் வந்தது.

அம்மா புஷ்பவல்லி கோயில் சுற்றுலாக் கூட்டத்தோடு தமிழ்நாட்டுக்குப் போயிருந்தாள். துணைக்கு ஜெயராஜும் போவதாக இருந்தது. விசாகூட எடுத்துவிட்டான். கடைசி நேரத்தில் அவன் ஓட்டும் லோரிக்கு வேலை வந்து நின்றுவிட்டான். பத்தாம் நாள் காலை ஏழு மணிக்குத் திருச்சியிலிருந்து போன். அம்மா விடுதியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், யாராவது உடனே வர வேண்டும்.

அமுதாவிடம் விசா இல்லை. போகக்கூடியவன் ஜெயராஜ்தான்.

“பதினொன்னே முக்காலுக்கு வேற ஏர்லைன்ஸ்ல டிக்கெட் இருக்குக்கா. வாங்கிடறேன்,” என்றான்.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். விமானக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர்கள் டிக்கெட் வாங்க மாட்டார்கள். ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் ‘ஸ்டாண்ட்பை’ உண்டு. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, காலியாக இருக்கும் இடத்தில் ஏறிப் போகலாம். காசு கொடுத்து, அதுவும் வேறு கம்பெனியில் டிக்கெட் வாங்குகிற ஊழியரைப் பார்த்து மற்றவர்கள் ஒரு மாதம் சிரிப்பார்கள்.

“டிக்கெட்டா? என் தம்பியா? கேக்கறவன் சிரிப்பான்டா. நம்ம ப்ளேன் ரெண்டே காலுக்கு. நான் பார்த்துட்டேன், ஒம்பது சீட் காலி. பட்டியல்ல மொத பேரு உன்னோடது. கிளம்பி வா லா.”

அவள் சொன்னது பொய் இல்லை. காலை ஏழரைக்கு ஒன்பது இடம் காலியாகத்தான் இருந்தது. பதினோரு மணிக்குள் அவை விற்றுத் தீர்ந்தன. அதற்கு மேலும் கம்பெனி ஐந்து பேருக்கு விற்றது. எப்படியும் ஐந்தாறு பேர் வர மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கு ஆட்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள்.

ஆனாலும் ஒன்றேகாலுக்குக் கவுண்டர் மூடியபோது நூற்று எழுபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

ஓர் இடம் இருந்தது.

இதுவரை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை என்னவென்றால், விமானம் நிறைந்துவிட்டது, ஜெயராஜுக்கு இடம் கிடைக்கவில்லை, அம்மா அன்று மாலை இந்திய நேரம் ஐந்தரைக்குக் கண்ணை மூடினாள், மறுநாள் போனவன் உடம்பைத்தான் பார்த்தான் என்பது. பக்கிரிசாமிக்கும் அவ்வளவுதான் தெரியும். திருச்சியிலேயே தகனம் முடித்து வந்து, மோரிப் கடற்கரையில் சாம்பலைக் கரைத்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் ஜெயராஜ் சொன்னான்: “பதினொன்னே முக்கால் ப்ளேன்ல போயிருந்தா அம்மா மூஞ்சியப் பார்த்திருப்பேன். உன் ஓசி டிக்கெட்ட நீயே வெச்சுக்க. இனிமே எனக்கு அக்கா இல்ல.”

அமுதவள்ளி அழவில்லை. அன்று வராத அழுகை பிறகும் வரவில்லை. இரண்டு மாதத்தில் மேற்பார்வையாளர் பதவி வந்தது. பெருந்தொற்று நோய்க்காலத்தில் கம்பெனியே மூடியது. இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து, இந்தியா போகிறவர்களுக்கு விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். எல்லாம் யாருக்கோ நடப்பது மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

மைலோ ஆறிக்கொண்டிருந்தது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

ஜெயராஜ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

“மாமா எங்க?”

“உள்ள. டிவி பாக்கறாரு. நீ வந்தது தெரியாது.”

“காது அப்படியேதானா?”

“இன்னும் மோசம். பாத்திரம் விழுந்தா பல்லி கத்துதுங்கறாரு.”

ஜெயராஜ் சிரித்தான். அவளைப் பார்த்து அவன் சிரித்து ஏழு வருடம். அந்தச் சிரிப்பு பாதியிலேயே தழுதழுத்தது.

“அக்கா, போன மாசம் ஒரு கிடங்குல என் லோரிய மூணு மணி நேரம் நிக்க வெச்சிட்டாங்க. உள்ள இருந்த பையன் நமக்கு நல்லாத் தெரிஞ்சவன். கத்தினேன். ‘அண்ணே, உள்ள எடமே இல்ல, நான் எங்கண்ணே வெக்கிறது, என் தலையிலயா?’ன்னான். எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ப்ளேன் ஃபுல்லுன்னா எங்கக்கா என்ன பண்ணுவா, தலையிலயா வெச்சு அனுப்புவா? அத புரிஞ்சுக்க எனக்கு ஏழு வருஷம் ஆச்சு, பாத்துக்க.”

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“மாதவி ஒரே பிடிவாதம். மொத நலங்கு அத்தை கைதான், இல்லன்னா மணையில உக்கார மாட்டேங்கறா. எனக்கும் அதான் ஆச. அம்மா இருந்தா அம்மா வெச்சிருப்பாங்க. இப்ப நீதான் அம்மா எடத்துல நிக்கணும்.” துணியை விலக்கினான். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பத்திரிகை, அரக்குக் கலரில் ஒரு பட்டுச்சேலை. “இது நலங்கு வெக்கிறப்ப நீ கட்டிக்க வேண்டியது. ரமணிதான் எடுத்தா. வாங்கிக்கக்கா.”

அமுதவள்ளியின் கைகள் தாமாகவே நீண்டன. வாங்கினாள். ஜெயராஜ் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது. தம்பி, மாதவி, மேருவில் ஒரு வீடு, தீபாவளிக்குப் போக ஓர் இடம். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஏழு வருடம் திறக்காத வாய்தானே?

தாம்பாளத்தை மேசையில் வைத்தாள்.

“ஜெயா. ப்ளேன் ஃபுல் இல்ல.”

“என்ன?”

“ஒரு சீட் இருந்துச்சு.”

உள்ளேயிருந்து பக்கிரிசாமி கத்தினார்: “அமுதா! மொத ரூட் பினாங்காம்! நம்ம பினாங்கு!”

அவள் சொல்லத் தொடங்கினாள். கவுண்டரில் நின்று விமானம் தாமதம் என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

“கவுண்டர் மூடினதும் உன் பேருக்குத்தான் போர்டிங் பாஸ் அடிச்சேன். பதினெட்டாவது வரிசை, நடு சீட். என் கையில இருந்துச்சு. உன்னக் கூப்பிட போன் எடுத்தேன். அப்ப ஒருத்தர் ஓடி வந்தாரு. காசு கட்டின பயணி, நாலு நிமிஷம் லேட்டு. முடியாதுன்னேன். பக்கத்துல கூட வேலை பாக்கற மார்க்கிரட் இருந்தா. அவ தெரியாம, ‘அக்கா, உங்க தம்பிக்கு மணியாவுது, பாஸ் குடுத்திட்டீங்களா?’ன்னு கேட்டுட்டா. அந்த ஆளு காதுல விழுந்திருச்சு.”

“சரி.”

“ஹேண்ட்போன எடுத்து வீடியோ புடிக்க ஆரம்பிச்சிட்டாரு. ‘எல்லாரும் பாருங்க, காசு குடுத்தவனுக்கு எடம் இல்லயாம், ஸ்டாஃபோட தம்பிக்கு ஓசி சீட்டாம்’னு. அதுக்கு முந்தின வாரம்தான் பினாங்கு கவுண்டர்ல ஒரு பொண்ணுக்கு இதே மாதிரி வீடியோ சுத்தி, மறுநாளே வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. எனக்கு சூப்பர்வைசர் லெட்டர் வர இருந்த நேரம்.”

அவள் மூச்சு விட்டாள்.

“உன் பாஸக் கிழிச்சேன். அவருக்கு அடிச்சுக் குடுத்தேன். அப்புறம் நீ உக்காந்திருந்த எடத்துக்கு வந்து, ஃபுல்லாயிடுச்சுடான்னேன்.”

ஜெயராஜ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காருகிறான்.

“விதிப்படி மூடின கவுண்டரத் தெறக்கக் கூடாதுன்னு சொல்வியே.”

“கூடாது.”

“எத்தன பேருக்குத் தெறந்திருக்க?”

“அன்னிக்கு மட்டும்தான்.”

தொலைக்காட்சியில் விளம்பரப் பாட்டு ஓடியது. ஜெயராஜ் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த ஆளு எதுக்குப் போனான்? அவன் வீட்லயும் யாராச்சும்...”

“கேக்கல. யார்கிட்டயும் கேக்க மாட்டேன்.”

“கேட்டிருந்தாலாச்சும் நான் மனச ஆத்திக்குவேன்.”

“தெரியும்.”

“அம்மா கடைசி வரைக்கும் என் பேரத்தான் சொன்னாங்களாம். ‘ஜெயா ஏறிட்டானா, ஏறிட்டானா’ன்னு நர்ஸக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியும், தெரியும்!” அவன் குரல் உடைந்தது. “அழவாச்சும் செய்யேன்க்கா. கல்லு மாதிரி நிக்கிறியே.”

அழத்தான் பார்த்தாள். நெஞ்சுக்குள் எங்கேயோ ஒன்று அசைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கண் வறண்டே கிடந்தது.

“இப்ப ஏன் சொன்ன? சொல்லாம இருந்திருக்கலாமே. நானே சமாதானமாகி வந்துட்டேனே. உன்ன யாரு கேட்டா?”

“அம்மா எடத்துல நில்லுன்னு சொன்னியே,” என்றாள். “அந்த எடத்துல இந்தக் கையோட எப்படி நிப்பேன் ஜெயா? மாதவி கன்னத்துல இந்தக் கையாலதானே மஞ்சள் பூசணும்? வேற எதுக்கு வேணும்னாலும் பேசாம இருந்திருப்பேன்.”

அவன் கைத்தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. ரமணியாக இருக்கும். எடுக்கவில்லை. பிறகு எழுந்தான். தாம்பாளத்துக்கு முன்னால் போய் நின்றான். சேலையின் மேல் கையைக் கொண்டுபோனான். தொடவில்லை. தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததைக் கொடுத்தவன் திரும்ப எடுக்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் அது பெரிய அபசகுனம். கல்யாணப் பெண் வீட்டில் இருக்கிறாள்.

“என்னால எடுக்க முடியாது,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “நீயே எடுத்துக் குடுத்திடு.”

அவள் சேலையை எடுத்தாள். மடிப்பு கலையாமல் இரண்டு கையிலும் வைத்து நீட்டினாள். பட்டு கனமாக இருந்தது. அவன் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“பத்திரிகை இருக்கட்டும். வா. வராம இருக்காத, மாதவி கேப்பா. முன்வரிசையில உக்காரு, சாப்பிடு, மொய் வை. மேடைக்கு மட்டும் வராத.”

“சரி.”

“நலங்குக்கு ரமணியோட அக்காகிட்ட சொல்லிக்கிறேன்.”

“மாதவிகிட்ட என்ன சொல்லுவ?”

“தெரியல.” வாய்க்குள் எதையோ மென்று விழுங்கினான். “உனக்குக் கை நடுங்குது, மஞ்சள் கிண்ணம் புடிக்க முடியலன்னு சொல்றேன். இத சொல்ல மாட்டேன். அவளுக்காச்சும் அத்தை இருக்கட்டும்.”

அந்த நேரத்தில் உள்ளறைக் கதவு திறந்தது. கைலியை இறுக்கிக்கொண்டு பக்கிரிசாமி வந்தார். ஒரு கணம் விழித்தார். அப்புறம் முகமெல்லாம் பல்லாயிற்று.

“மச்சான்! ஜெயராஜு! எப்படா வந்த? அமுதா, ஏன் என்னக் கூப்பிடல? கல்யாணமா? மாதவிக்கா? அடி சக்க! இன்னிக்கு நல்ல நாளுடா, குருவியும் திரும்பி வருது, நீயும் திரும்பி வந்துட்ட!” அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் கக்கத்தில் இருந்த சேலை கண்ணில் பட்டது. “என்ன இது, கொண்டாந்தத திருப்பி எடுத்துக்கிட்டுப் போற?”

அமுதவள்ளி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெயராஜ் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினான்.

“கலர் புடிக்கலயாம் மாமா! மாத்திக்கிட்டு வரேன்!”

“இவளுக்கா? இவளுக்கு எந்தக் கலர்தான் புடிச்சிருக்கு! பச்ச எடுத்துட்டு வா, பச்ச. இரு, சாப்பிட்டுப் போ. பயிற்றங்காய் பொரியல் பண்றா.”

“ரமணி கீழ கார்ல இருக்கா மாமா. இன்னொரு நாளைக்கு.”

“இன்னொரு நாளா? மறுபடியும் ஏழு வருஷமா?” என்று பக்கிரிசாமி சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

ஜெயராஜ் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். கயிறு கட்ட வெகுநேரம் ஆயிற்று. அமுதவள்ளி கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தபோது அவன் கண் சிவந்திருந்தது.

“வரேன்,” என்றான். அக்கா என்று சொல்ல உதடு குவிந்தது. சொல்லவில்லை.

“பாத்துப் போ ஜெயா.”

லிஃப்ட் ஒன்பதாம் மாடியில் நின்றிருந்தது. அவன் காத்திருக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பி இறங்கினான். ஒரு மாடி, இரண்டு மாடி. அடுத்த மாடிக்குப் பிறகு காலடிச் சத்தம் கேட்கவில்லை.

“நல்ல பையன்,” என்றார் பக்கிரிசாமி. “கோவக்காரன், ஆனா நல்ல பையன். கதவச் சாத்து, கொசு வருது.”

அவள் கம்பிக்கதவை இழுத்துப் பூட்டினாள். பிறகு மரக்கதவையும் சாத்தினாள்.